இணைய விளையாட்டுகளில் கள்ளாட்டமும் கண்காணிப்பும்: தஞ்சை மரக்கால் முதல் ரம்மி செயலி வரை

இணைய விளையாட்டுகளில் விதிக்குப் புறம்பான நிரல்களைக் கொண்டு வெல்வதும், மனிதருக்குப் பதிலாகத் தானியங்கி நிரல்களை ஆடவிடுவதும் கள்ளாட்டம் எனப்படும். இவ்வாறு தானாக ஆடும் நிரலைப் 'பாட்' என்பர். தமிழ்நாட்டில் 2020 முதல் இணைய ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு எதிராகப் பல சட்டங்கள் வந்தன. அவற்றையொட்டிய வழக்குகளில் பெரிதும் ஆராயப்பட்டது, அந்த ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா என்பதே. ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாக அளிக்கப்படவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது என்பதைக் காவிரிப் பாசனப் பகுதியின் வழக்கங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அளவைக்கு முத்திரை

தஞ்சைப் பகுதி நெல்லால் வாழும் பகுதி. நெல்லை அளப்பவர் ஒருவர், கொடுப்பவர் மற்றொருவர் என்பதால் அளவையில் ஏமாற்று நடக்க இடமுண்டு. இதைத் தடுக்க அரசு அளவையையே தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல் எவ்வளவு என்பதோடு நிற்பதில்லை. அது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்றும், அந்த மரக்கால் 'இராசகேசரி' என்னும் அளவுக்கு ஒத்தது என்றும் கூறுகின்றன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல்லும், நகைகளை நிறுக்கத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற கல்லும் பயன்பட்டன. அளவு மட்டுமன்றி அளந்த கருவியும் ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டது.

இந்த மரபு இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இன்படி, மளிகைக் கடையின் மின்னணுத் தராசு குறித்த கால இடைவெளியில் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பணியைத் தொழிலாளர் துறை செய்கிறது. கடைக்காரர் நல்லவரா என்று சட்டம் கேட்பதில்லை. தராசு சரியா என்று கேட்கிறது.

கண்முன் நடந்த ஆட்டம்

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, சொக்கட்டான் ஆகியவை இப்பகுதியின் பழைய ஆட்டங்கள். சம்பா அறுவடை முடிந்த ஓய்வு நாள்களில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் இவை ஆடப்பட்டன. பிற்காலத்தில் சீட்டாட்டமும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையோ சோழியோ உருளும்போது சுற்றி நிற்பவர் எல்லாரும் பார்ப்பர். யாராவது விதியை மீறினால் 'அழுகுணி ஆட்டம்' என்று அப்போதே குரல் எழும். சீட்டைக் கலைப்பவர் ஒருவர், வெட்டுபவர் மற்றொருவர் என்ற முறை, கலைப்பவரே நினைத்தபடி சீட்டை அடுக்குவதைத் தடுக்க ஏற்பட்டது. எனவே ஆட்டத்துக்கு வெளியே காவலர் தேவைப்படவில்லை, பார்வையாளர்களே காவலர்.

கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சகுனியின் பகடை ஒரு பழமொழி. தருமன் திறமைக் குறைவால் மட்டும் தோற்கவில்லை, பகடை எதிராளியுடையது என்பதே கதை கேட்டவர் மனத்தில் நின்ற பாடம்.

சூதைப் பற்றி இரு பழைய பார்வைகள் உண்டு. திருக்குறளின் 94ஆம் அதிகாரமான 'சூது', அது செல்வத்தையும் மதிப்பையும் கெடுக்கும் என்று ஒழுக்க நோக்கில் கண்டிக்கிறது. கௌடலீயரின் அர்த்தசாத்திரமோ சூதாட்டத்தைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. ஆட்டம் ஓரிடத்தில் நடக்க வேண்டும், காய்களை அந்த அதிகாரியே தர வேண்டும், பொய்க் காய் வைப்பவருக்குத் தண்டம் உண்டு என்பன அதன் விதிகள். முதலாவது, ஆடலாமா என்று கேட்கிறது. இரண்டாவது, ஆடினால் நேர்மையாக ஆடப்படுகிறதா என்று கேட்கிறது. பிற்காலச் சட்டங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிட்டன.

1930 சட்டமும் 'திறமை' என்ற அளவுகோலும்

சென்னை மாகாண சூதாட்டச் சட்டம் 1930இல் இயற்றப்பட்டது. சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் காவல் சட்டம் இருந்ததால், தஞ்சாவூர் போன்ற மாவட்டங்களுக்கே இச்சட்டம் முதன்மையாகப் பயன்பட்டது. பொதுச் சூதாட்ட இடத்தை நடத்துபவரும் அங்கு ஆடுபவரும் தண்டிக்கப்படுவர். திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கே அடுத்த 90 ஆண்டு வழக்குகளின் மையமாயிற்று.

ஆந்திர அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பற்றித் தீர்ப்பளித்தது. விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என முடிவு செய்வதற்கும் திறமை வேண்டும் என்பதால், ரம்மி முழுவதும் வாய்ப்பாட்டம் அன்று என நீதிமன்றம் கூறியது. நடத்துபவர் ஆட்டத்திலிருந்து இலாபம் எடுத்தால் அது குற்றமாகக் கூடும் என்றும் குறிப்பிட்டது. இத்தீர்ப்பு மனமகிழ் மன்றங்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது.

அந்த வழக்கில் பேசப்பட்டது மேசையைச் சுற்றி மனிதர்கள் அமர்ந்து, கையால் கலைத்து ஆடிய ரம்மி என்பதை மறந்துவிடக் கூடாது. கலைப்பது யார், எதிரே இருப்பது யார் என்ற ஐயம் அங்கே எழவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் இணைய ரம்மி வந்தபோது, அதே தீர்ப்பு அப்படியே திரைக்கும் பொருந்தும் என நிறுவனங்கள் வாதிட்டன.

லாட்டரி தந்த பாடம்

தமிழ்நாடு அரசின் லாட்டரி 1968இல் தொடங்கியது. தனியார் மற்றும் பிற மாநில லாட்டரிகள் உட்பட அனைத்து லாட்டரி விற்பனையும் 2003 சனவரியில் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பின் 'மூன்று நம்பர் லாட்டரி' என்ற கள்ள விற்பனை தஞ்சைப் பகுதியிலும் பிற மாவட்டங்களிலும் பரவியது. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை முன்கூட்டிச் சொல்வதே இந்த ஆட்டம்.

சட்டவிரோத வணிகமே ஆனாலும், விற்பவர் தாமே குலுக்கல் நடத்தவில்லை. அப்படிச் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே வேறொரு மாநில அரசு பொதுவில் நடத்திய குலுக்கலைக் கடன் வாங்கினார். சூதாடுபவர்கூட முடிவு வெளியில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தார். இணைய ஆட்டத்தில் இந்த எதிர்பார்ப்பே மறைந்துபோயிற்று. கலைப்பதும், பகிர்வதும், எதிராளியைத் தேர்ந்து அமர்த்துவதும், கணக்குப் பார்த்துத் தரகு எடுப்பதும் ஒரே நிறுவனத்தின் கணினியில் நடந்தன.

பாட் எப்படி ஆடுகிறது?

பாட்களில் மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, நிறுவனமே நிறுத்தும் பயிற்சி எதிராளி. பப்ஜி மொபைல் போன்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டங்களில் புதியவர்கள் எளிதாக வெல்ல இத்தகைய பாட்கள் நிறுத்தப்படுகின்றன. பணயம் இல்லாதவரை இதனால் பெரும் தீங்கில்லை.

இரண்டாவது, ஆட்டக்காரர் திருட்டுத்தனமாகச் சேர்க்கும் நிரல். எதிரியின் மேல் குறி தானாகப் பொருந்துவதும், சுவருக்கு அப்பால் இருப்பவர் தெரிவதும் இந்த வகை. 'ஹேக் போடுறான்' என்று மாணவர்கள் சொல்வது இதையே.

மூன்றாவது, பணயம் வைக்கும் ஆட்டத்தில் மனிதப் பெயரோடு அமரும் நிரல். இதை வெளியார் ஒருவர் இயக்கலாம். நிறுவனமே இயக்கவும் கூடும். நிறுவனத்துக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் தரகு கிடைக்கிறது. ஆள் சேராத மேசையால் வருமானம் இல்லை. எனவே காலி இடத்தை நிரலால் நிரப்பும் ஆசை வணிகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அது நடக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டியவர் நிறுவனத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

நிரல் மனிதரை வெல்லுமா என்ற ஐயம் இன்று இல்லை. 2017 சனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிபரேட்டஸ் என்ற நிரல், 20 நாள்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி நான்கு தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்களை வென்றது. 2019இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆடும் போக்கரிலும் வென்றது. திறமைக்கே முதலிடம் என்பது உண்மையானால், களைப்பறியாத நிரலோடு ஆடும் மனிதருக்குத் தோல்வியே பெரிதும் உறுதி. திறமை ஆட்டம் என்ற வாதம் வலுப்பெறும்போதெல்லாம், எதிரே இருப்பவர் யார் என்ற கேள்வியும் வலுப்பெறுகிறது.

2020 முதல் 2023 வரை

கொரோனா ஊரடங்குக் காலத்தில் கைபேசி ஆட்டங்கள் பெருகின. பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து வெளிவந்தன. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் அது சட்டமாயிற்று. திறமை ஆட்டங்களையும் சேர்த்து முழுவதுமாகத் தடுப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது எனக் கூறி, 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது.

2022 சூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குழு அதே மாதத்தில் அறிக்கை அளித்தது. அக்டோபரில் புதிய மசோதா பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் வாய்ப்பாட்டங்களாக அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. இணைய விளையாட்டு ஆணையம் ஒன்றும் அமைந்தது.

இதை எதிர்த்த வழக்கில்தான் பாட் பற்றிய கேள்வி வெளிப்படையாக எழுந்தது. சீட்டைப் பகிர்வது யார், எதிரே இருப்பது மனிதரா நிரலா என்பதை ஆடுபவர் அறிய வழியில்லை என அரசுத் தரப்பு கூறியது. நிறுவனங்கள் அதை மறுத்தன. 2023 நவம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்பதால் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது செல்லாது என்றது. பாட் முதலிய முறைகேடுகள் தெரியவந்தால் அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் குறிப்பிட்டது.

தெரியவந்தால் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தெரியவருவதற்கு ஒருவர் கணினிப் பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் 18 வயதுக்குக் குறைந்தோருக்குத் தடை, ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமின்மை, செலவு வரம்பு, இடையிடையே எச்சரிக்கை ஆகியவற்றை முன்னிறுத்தின. 2025 சூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. இவை அடிமைத்தனத்தைக் குறைக்கும் பயனுள்ள விதிகள். ஆடுபவர் யார், எவ்வளவு நேரம் ஆடினார் என்று அவை கேட்டன. எதிரே ஆடியது யார் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

புகார் வராத காரணம்

கள்ளாட்டத்தின் மீது நடவடிக்கை தளர்ந்திருந்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

ஒன்று, சான்று முழுவதும் நிறுவனத்திடம் இருந்தது. தோற்றவரிடம் இருந்தது தோல்வி மட்டுமே. தொடர்ந்து தோற்றால் அது தன் திறமைக் குறைவா, எதிராளி நிரலா என்று தனி மனிதரால் நிறுவ முடியாது.

இரண்டு, புகார் செய்பவரே குற்றவாளியாகும் நிலை இருந்தது. 1930 சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் தடை செய்யப்பட்ட ஆட்டத்தை ஆடினால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஏமாந்தவர் காவல் நிலையம் செல்லத் தயங்கியதில் வியப்பில்லை. குடும்பத்துக்குத் தெரியாமல் பயிர்க்கடன் பணத்தையோ நகை அடகுப் பணத்தையோ இழந்தவருக்கு இத்தயக்கம் இன்னும் கூடுதல்.

மூன்று, சோதிக்கும் அமைப்பு கடைசிவரை உருவாகவில்லை. 2023 சனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில், சீட்டு எழுந்தமானமாகக் கலைக்கப்படுகிறது என்பதற்கும் பாட் இல்லை என்பதற்கும் சான்றிதழ் பெற வேண்டும் என்ற கருத்து இருந்தது. ஏப்ரலில் வந்த இறுதி விதிகள் ஆட்டங்களைச் சரிபார்க்கும் பொறுப்பைத் துறையினரின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு விட்டன. அத்தகைய ஓர் அமைப்புகூட அங்கீகரிக்கப்படவில்லை. நிறுவனங்கள் தாமே தனியார் ஆய்வகங்களில் பெற்ற சான்றிதழ்களைத் தளத்தில் காட்டிக்கொண்டன. இதற்கிடையே 2023 அக்டோபர் 1 முதல் வைப்புத் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. அரசு வரி கொண்டது. தராசுக்கு முத்திரை மட்டும் இல்லை.

பிற நாடுகளும் ஓர் இந்திய நிகழ்வும்

2007இல் அப்சல்யூட் போக்கர் என்ற இணையத் தளத்தில் ஒரு கணக்கு, எதிராளிகளின் மறைவுச் சீட்டுகளைப் பார்த்து ஆடியது வெளியாயிற்று. கண்டுபிடித்தவர் அதிகாரிகள் அல்லர். ஆட்டப் பதிவுகளை வரிசையாக ஆராய்ந்த ஆட்டக்காரர்களே. அவ்வாறு ஆராய அவர்களுக்குப் பதிவு கையில் கிடைத்தது என்பதே முக்கியம். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சூதாட்ட ஆணையம், எழுந்தமான முடிவுகளைத் தரும் நிரல்களைத் தனி ஆய்வகங்களில் சோதிக்கச் சொல்கிறது. தென்கொரியா 2017 சூன் முதல், கள்ளாட்ட நிரல்களைச் செய்து விற்பதையே குற்றமாக்கியது. 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 கோடி வொன் வரை அபராதம் உண்டு.

இந்தியாவுக்கு வந்த அவப்பெயர் 2018 அக்டோபரில் நேர்ந்தது. சாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் இந்திய அணியின் வீரர் ஒருவரின் கணினியில், 'வேர்ட்' என்ற பெயரில் கள்ளாட்ட நிரல் இருந்தது. நடுவர் அருகில் வந்து பார்த்தபோது அது வெளிப்பட்டது. அணி நீக்கப்பட்டு, பின்னர் கலைக்கப்பட்டது. அந்த வீரருக்கு 5 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் முன்பும் கள்ளாட்டத்துக்காகத் தடை பெற்றவர். நடுவர் கணினியைத் திறந்து பார்க்க உரிமை பெற்றிருந்ததால் மட்டுமே உண்மை தெரிந்தது.

2025க்குப் பின்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணயம் வைக்கும் எந்த இணைய ஆட்டமும், திறமையோ வாய்ப்போ, தடை செய்யப்பட்டது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்பது முந்தைய சட்டங்களிலிருந்து முக்கியமான மாற்றம். இச்சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன.

தடைக்குப் பிறகே கணினிப் பதிவுகள் திறக்கப்படத் தொடங்கின. 2025 நவம்பரில் அமலாக்கத் துறை, ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களை அவர்கள் அறியாமல் நிரல்களோடு ஆட வைத்ததாகக் குற்றம் சாட்டியது. இது குற்றச்சாட்டே, தீர்ப்பு அன்று. ஆயினும் 2023இல் உயர் நீதிமன்றத்தில் விடையின்றி நின்ற கேள்வி, பண மோசடி விசாரணையின் வழியாகத் திரும்பி வந்தது குறிப்பிடத்தக்கது.

தடையால் நேர்மைக் கேள்வி முடிந்துவிடவில்லை. அதே சட்டம் மின்விளையாட்டுகளை, அதாவது பரிசுக்காக நடக்கும் திறன் போட்டிகளை, ஊக்குவிக்கிறது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கல்லூரி மாணவர்கள் ஆடும் துப்பாக்கிச் சுடும் ஆட்டங்கள் இந்த வகையைச் சேரும். அங்கே கள்ளாட்டக்காரரின் கணக்கை முடக்குவது நிறுவனம் மட்டுமே. முடக்கிய பின் வேறு எண்ணில் புதிய கணக்கைத் தொடங்குவதும் எளிது. தவறாக முடக்கப்பட்ட மாணவர் முறையிட நிறுவனத்துக்கு வெளியே ஓரிடம் வேண்டும். நிறுவனமே தவறினால் கேட்பதற்கும் ஓரிடம் வேண்டும். சட்டம் வழிசெய்யும் தேசிய ஆணையம் இப்பணியை ஏற்குமானால், சீட்டைக் கலைக்கும் நிரலைச் சோதிப்பது, எதிராளி நிரலென்றால் திரையில் தெரிவிப்பது, ஆடியவருக்கு அவரது ஆட்டப் பதிவைத் தருவது ஆகிய மூன்றும் முதலில் வர வேண்டியவை.

தஞ்சைக் கல்வெட்டு நெல்லின் அளவோடு மரக்காலின் பெயரையும் எழுதியது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிறுக்கும் உழவர் தராசின் முள்ளையும் எண்ணையும் தம் கண்ணால் பார்க்கிறார். கைபேசியில் ஆடும் அவர் மகனுக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும்.